ஒளிரும் தாளில் உயிரெழுத்துகள்

விளக்கு என்றால் திரியும் சுடரும் உடையது என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. பின்னர்க் கம்பியும் கண்ணாடிக் குமிழுமே விளக்காயின. இன்றோ தாளைப் போல மெலிந்து, வளைத்தால் வளைந்து, கத்தரிக்கோலுக்கும் இணங்கி, தன் பரப்பு முழுவதும் ஒரே சீராக ஒளிரும் விளக்கும் உண்டு. மின்னொளிர் தாள் என்று அதனை நாம் அழைக்கலாம், கடைக்காரர்கள் ‘ஈ.எல். ஷீட்’ என்பர். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்காக அத்தாளைக் கொண்டு ஓர் எழுத்துப் பலகை செய்ய முற்பட்டு, ஒரு முறை தோற்று, மறுமுறை வென்ற வரலாற்றை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

புனேயில் வளரும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியிலோ தேவநாகரியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். பேச்சு நிலைத்தாலும் எழுத்து நழுவிவிடுகிறது. கரும்பலகையில் எழுதினால் கண் செல்லாத பிள்ளைகள், ஒளிரும் பலகை என்றால் ஓடி வருவார்கள் அன்றோ? அந்த எண்ணமே இம்முயற்சிக்கு வித்து.

இவ்வொளியின் தொடக்கம் 1936ஆம் ஆண்டைச் சார்ந்தது. ழார்ழ் தெஸ்திரியோ என்னும் பிரெஞ்சு அறிஞர், செம்பு சிறிதளவு கலந்த துத்தநாக சல்பைடுப் பொடியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, மாறுமின்னழுத்தத்திற்கு உட்படுத்தியபோது அது ஒளிர்வதைக் கண்டார். நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த எண்ணெய் அறிவியலுக்கும் பயன்பட்டது! 1960ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிரைஸ்லர் கார்களின் முகப்பில் இவ்வொளி இடம் பெற்றது. 1969இல் மனிதரைச் சந்திரனில் இறக்கிய அப்பல்லோ கலத்தின் கணிப்பொறியும் தன் எண்களை இவ்வொளியிலேயே காட்டிற்று. 1992இல் டைமெக்ஸ் கைக்கடிகாரங்களிலும் அது புகுந்தது. இன்று எல்.இ.டி. விளக்குகள் அதன் இடங்கள் பலவற்றைக் கைப்பற்றிக்கொண்டன எனினும், மெலிந்த பரப்பு முழுவதும் சீரான ஒளி வேண்டும் இடத்தில் இத்தாளுக்குத் தனிச் சிறப்பு உண்டு.

இதன் அமைப்பு எளியது. முகப்பில், மின்சாரம் பாயக்கூடிய ஒளிபுகும் பூச்சுடைய பிளாஸ்டிக் படலம். அதன் பின் ஒளிர்பொடி. அதன் பின் மின்காப்புப் படலம். இறுதியில் வெள்ளி அல்லது கரிப்பூச்சு. மின்விசிறியில் உள்ள கண்டென்சரை ஒத்த பொருள் இது. எனவே மின்கலத்தின் நேர்மின்சாரத்தால் இது நின்று ஒளிராது. இன்வர்ட்டர் என்னும் சிறு பெட்டி, 12 வோல்ட் நேர்மின்சாரத்தை ஏறத்தாழ 100 வோல்ட் அளவினதாகவும், விநாடிக்குப் பல நூறு முறை திசை மாறுவதாகவும் ஆக்கித் தர வேண்டும்.

முதன்முறை நாம் செய்த பிழை யாதெனில், எழுத்துகளையே தாளிலிருந்து வெட்டியதாகும். ‘அ’வின் சுழியும் ‘ஐ’யின் வளைவும் கத்தரிக்கோலைத் திணறச் செய்தன. தாளின் ஒரு விளிம்பில்தான் முன் பூச்சுக்கும் பின் பூச்சுக்கும் உரிய இரு உலோகப் பட்டைகள் உள்ளன. அவற்றோடு தொடர்பு அறுந்த துண்டு ஒளிராது. ஆகவே ஒவ்வோர் எழுத்திற்கும் ஒரு காம்பு விட்டு வெட்டினோம். தடுமாறிய கத்தரி பின்பூச்சை இழுத்து முன்பூச்சோடு சேர்த்துவிட்ட இடங்களில் பொறி பறந்து கரும்புள்ளிகள் விழுந்தன. எஞ்சியவற்றை ஜூலை மழை கவனித்துக்கொண்டது. திறந்த விளிம்பு வழியே ஈரம் புகுந்து, கருமை உள்நோக்கிப் பரவி, மூன்றே வாரத்தில் ‘ஊ’வும் ‘ஓ’வும் அணைந்தன. அன்பர்கள் தந்த பணம் வீணாயிற்றே என்று வெட்கினோம்.

மறுமுறை முறையை மாற்றினோம். ஏ-4 அளவுத் தாள் இரண்டை, ஓரத்தை மட்டும் நேர்கோட்டில் செதுக்கி, முழுமையாகவே வைத்துக்கொண்டோம். கறுப்பு அட்டையில் தாளுக்கு ஆறாகப் பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் வெட்டியெடுத்து, அவ்வட்டையை மேலே பொருத்தினோம். வளைவெல்லாம் அட்டைக்கு, நேர்வெட்டு மட்டுமே தாளுக்கு. தவறினாலும் அட்டைதானே போகும்!

இம்முயற்சியில் இறங்குவோர்க்குச் சில குறிப்புகள். மின் இணைப்பை நீக்கிய பின்னரே வெட்டுக. கூரிய கத்தரியால் இழுக்காமல் ஒரே வீச்சில் வெட்டுக. பொறி தோன்றினால் இணைப்பை நீக்கி, அவ்விளிம்பை மயிரிழை அளவு மீண்டும் செதுக்குக. வெட்டிய ஓரங்களை ஒளிபுகும் ஒட்டுப்படலத்தால், தாளைத் தாண்டி அரை சென்டிமீட்டர் வரும்படி, இருபுறமும் மூடுக. பற்றாசுச் சூடு படலத்தை உருக்கிவிடுமாதலின், அழுத்திக் கவ்வும் முனைகளையே பயன்படுத்துக. இரு தாள்களையும் பக்க இணைப்பாகச் சேர்த்து, மொத்தப் பரப்பிற்கு ஏற்ற இன்வர்ட்டரை வாங்குக. ஏ-4 தாள் ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 620 சதுர சென்டிமீட்டர். தாளின்றி வெறும் இன்வர்ட்டரை ஓட்டுவது அதனைக் கெடுக்கும். 100 வோல்ட் விளையாட்டன்று. கம்பி முனைகளைக் குழந்தைகளின் கை எட்டாமல் மூடி வைக்க வேண்டும். கம்பியும் முனைகளும் புதவார் பேட்டையின் மின்பொருள் கடைகளில் கிடைக்கும்.

பகலில் இவ்வொளி தோன்றாது. நாளடைவில் மங்கியும் போகும். ஆகையால் வகுப்பின் இறுதிக் கால் மணி நேரம் மட்டும் அறையை இருளாக்கிப் பலகையை ஏற்றுகிறோம். நீலம் கலந்த பச்சை ஒளியில் எழுத்துகள் தோன்றும்போது, பிள்ளைகள் கேளாமலே உரக்கப் படிக்கின்றனர். சென்ற மாதம் வரை தன் பெயரைத் தேவநாகரியில் மட்டும் எழுதிய சிறுமி ஒருத்தி, அவ்விருளிலேயே தன் பெயரின் முதல் எழுத்தாகிய ‘இ’யைக் காற்றில் விரலால் வரைந்து பழகினாள், விளக்கைப் போட்டதும் கரும்பலகையில் எழுதியும் காட்டினாள்.

தாள் ஒரு நாள் அணையும். அதற்குள் எழுத்து பிள்ளைகளின் கையில் ஏறிவிட்டால், நாம் செலவிட்டது வீணாகாது. ஓய்வுள்ள அன்பர்கள் ஞாயிறு மாலைகளில் வந்து கை கொடுப்பார்களாக. அடுத்துச் செய்ய வேண்டிய மெய்யெழுத்துகள் பதினெட்டு உள்ளன.