கமராவின் சாம்பல் நிறம்: எண்ணிமப் படப்பிடிப்பிற் பொருளும் ஒளியும்

வெளிக்கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் எவரிடத்தும் இன்று எண்ணிமக் கமரா ஒன்று, குறைந்தபட்சம் கமரா பொருத்திய கைத்தொலைபேசி ஒன்றாவது, இருக்கக் காண்கிறோம். எடுக்கப்படும் படங்களின் தொகையும் பெரிது. ஆயினும் ஆய்வேடு எழுதும் வேளையில் அப்படங்களுட் பயன்படுபவை மிகச் சிலவாகவே எஞ்சுகின்றன. முகம் இருண்டு கிடக்கிறது. கல்வெட்டு வெறுங் கல்லாகத் தெரிகிறது. ஏட்டின் நடுப்பகுதி பளபளத்து எழுத்தை விழுங்கிவிடுகிறது. கமராவோடு வரும் கைந்நூல்கள் மலரையும் மலையையும் சூரிய அஸ்தமனத்தையும் எடுக்கும் முறையை விரிவாகக் கூறுகின்றன. நம் ஆய்வுத்துறைகளுக்கு வேண்டிய பொருள்களைப் பற்றி அவை கூறுவது குறைவு. ஆதலால் மனித முகம், கல்வெட்டு, ஏட்டுச்சுவடி, கூத்து என்னும் நான்கினையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கமராவிடம் வேண்டி நிற்பது யாது என்பதை இங்கு நோக்குவோம்.

முதலில் ஒளிமானியின் இயல்பினைத் தெளிதல் வேண்டும். கமராவினுள் உள்ள ஒளிமானி, பொருளின்மீது வந்து விழும் ஒளியை அளப்பதில்லை. பொருளிலிருந்து தெறித்து வரும் ஒளியையே அளக்கிறது. வெயிலில் நிற்கும் கரிய எருமையும் நிழலில் நிற்கும் வெள்ளைப் பசுவும் ஒரே அளவு ஒளியைத் தெறிக்கச் செய்யலாம். ஒளிமானிக்கு இரண்டும் ஒன்றே. எது கருமை, எது வெண்மை என்று அறிய வழியில்லாத அக்கருவி, தன் முன்னுள்ள காட்சியின் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, படத்தையும் அந்நிறத்துக்கே கொண்டுவருகிறது. படப்பிடிப்பாளர் அளவுகோலாகக் கொள்ளும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 வீதத்தைத் தெறிப்பது. வெள்ளைத் துணி மட்டும் நிறைந்த காட்சியைத் தானியங்கி முறையில் எடுத்தாற் சாம்பல் நிறத் துணி கிடைக்கும். கரிப் பானையை எடுத்தாற் சாம்பல் நிறப் பானை கிடைக்கும். இன்றைய கமராக்கள் முகத்தை இனங்கண்டு ஓரளவு திருத்திக்கொள்கின்றன என்பது உண்மையே. எனினும் அத்திருத்தமும் ஒரு முன்முடிவுதான்.

இதனை மாற்றும் அதிகாரம் படமெடுப்பவரிடம் உண்டு. வில்லையின் துவாரத்தை எவ் 5.6 இலிருந்து எவ் 4 இற்குத் திறந்தால் உட்புகும் ஒளி இருமடங்காகும். மூடியின் நேரத்தை 1/125 செக்கனிலிருந்து 1/60 ஆக்கினாலும் ஏறத்தாழ அதே விளைவு. ஐ.எஸ்.ஓ. 400 ஐ 800 ஆக்கினால் ஒளி கூடுவதில்லை. கிடைத்த சைகை பெருக்கப்படுகிறது. குறைந்த ஒளியை இவ்வாறு பெருக்கும்போது மணல் தூவியது போன்ற புள்ளிச் சிதறலும் உடன் வெளிப்படுகிறது. இம்மூன்றையும் தனித்தனியே கையாள விரும்பாதவர், பெரும்பாலான கமராக்களிற் கூட்டல், கழித்தற் குறிகளோடு காணப்படும் ஈடுசெய்யும் பொறியை மட்டும் பழகிக்கொண்டாலே போதும். கூட்டல் ஒன்று என்பது ஒளிப்பதிவு இருமடங்கு. கழித்தல் ஒன்று என்பது அரைமடங்கு.

முகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டியுள்ளது. ஏனெனில் இங்கு தொழில்நுட்பம் தன் சமூகச் சார்பினை வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. கொடாக் நிறுவனம் வண்ணப் படங்களை அச்சிடும் நிலையங்களுக்கு அளவை அட்டைகளை அனுப்பிவந்தது. அவ்வட்டைகளில் இருந்தவள் வெள்ளை நிறப் பெண்ணொருத்தி. முதலில் அவ்வாறு படமெடுக்கப்பட்ட பெண்ணின் பெயரால் அவை ‘ஷேர்லி அட்டைகள்’ எனப் பெயர்பெற்றன. அவளது தோல் நிறம் செம்மையாக அமைந்தால் அச்சுச் செம்மை என்பதே விதி. கனடிய ஆய்வாளர் லோர்னா றொத் 2009 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்வரலாற்றைத் தெளிவுபடுத்தியது. கரிய தோலின் நுண்ணிய நிறவேறுபாடுகளைப் படச்சுருள் காட்டத் தவறியமை நெடுங்காலம் ஒரு குறையாகவே கொள்ளப்படவில்லை. சொக்கலேற்று உற்பத்தியாளரும் மரத் தளபாட உற்பத்தியாளரும் தத்தம் பண்டங்களின் பழுப்பு நிறங்கள் விளம்பரப் படங்களில் வேறுபாடின்றித் தெரிகின்றன என்று முறையிட்ட பின்னரே பழுப்பு நிறத்தின்பாற் கவனம் சென்றது எனக் கொடாக்கில் முன்னர் பணியாற்றியோர் அவரிடம் கூறியுள்ளனர். மனிதர் முறையிட்டபோது அசையாத இரசாயனம் பண்டங்கள் முறையிட்டபோது அசைந்தது என்னும் இச்செய்தி, சந்தையின் தருக்கத்தை அறிந்தோர்க்கு வியப்பளிக்காது. பல நிறத்தவரையும் கொண்ட அட்டைகள் 1990களிலேயே வந்தன. படச்சுருளின் காலம் கழிந்தபின்னும் சிக்கல் தீர்ந்ததாகக் கூறவியலாது. கூகிள் நிறுவனம் கரிய, பழுப்பு நிறத் தோல்களைச் செம்மையாகப் பதிவுசெய்வதற்கெனத் தன் கைத்தொலைபேசிக் கமராவில் தனியே மாற்றங்கள் செய்து அறிவித்தது 2021 இலேதான்.

நடைமுறைக்கு வருவோம். நண்பகலிற் கடற்கரை மணலில் வெள்ளை வேட்டியோடு நிற்கும் மீனவர் ஒருவரை எடுக்கிறோம் எனக் கொள்வோம். மணலும் வானும் வேட்டியுமே சட்டகத்தை நிறைத்திருப்பதால் ஒளிமானி காட்சியை இருட்டாக்கும், முகம் கரித்துண்டாகும். கூட்டல் ஒன்று அல்லது ஒன்றரை அளவில் ஈடுசெய்தல் வேண்டும். மணல் சிறிது வெளிறினும் பாதகமில்லை. ஆய்வுக்கு வேண்டியது அவர் முகமே. கரிய முகம் சட்டகத்தை நிறைத்து, பின்னணியும் இருளாக இருக்குமிடத்து நிலைமை தலைகீழாகும். அப்போது கருவி தோலை வெளுப்பித்து அதன் மினுக்கத்தை அழித்துவிடும். கழித்தல் அரை அல்லது முக்கால் தேவைப்படும். கல்யாணப் படங்களில் இவ்வெளுப்பே அழகெனக் காசுக்கு விற்கப்படுகிறது. கைத்தொலைபேசிகளில் உள்ள ‘அழகூட்டும்’ வசதி, கேட்காமலே தோலை வெளுப்பித்து, உழைப்பின் சுருக்கங்களைத் துடைத்தெறிவது. கள ஆய்வுக்குப் புறப்படுமுன் அதனை நிறுத்திவிடுதல் முதற் கடமையாகும்.

கரிய தோலின் உருவமைப்பைக் காட்டுவதில் அதன்மீது ஒளி மினுங்கும் இடங்களுக்குப் பெரும் பங்குண்டு. நேரெதிரே வெட்டும் பிளாஷ் நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளியையும் சுற்றிலும் இருளையும் தரும். மாறாக, விறாந்தையின் ஓரத்திலோ வாசற்படிக்கு உட்புறத்திலோ ஒருவரை இருத்தினால், பக்கவாட்டில் வரும் பரந்த ஒளி கன்னத்தையும் தாடையையும் மெல்ல வரைந்து காட்டும். மறுபக்கம் அதிகம் இருண்டால் வெள்ளை வேட்டியொன்றை அங்கு கட்டித் தொங்கவிட்டால் அது ஒளியைத் திருப்பித் தரும். நீலத் தறப்பாளின் கீழே எடுக்கும் படங்களிற் தோல் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடுகிறது. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் எடுக்கப்பட்ட எத்தனையோ படங்களில் இந்நீலம் படிந்திருப்பதைக் காணலாம். அதே ஒளியிற் சாம்பல் அட்டையொன்றை முதலில் எடுத்து வெண்சமநிலையை அமைத்துக்கொண்டால் இக்குறை பெரிதும் நீங்கும். ஜேபெக் கோப்பு ஒவ்வோர் அடிப்படை நிறத்திலும் 256 படிகளையே பேணுவது. திருத்தப்படாத ரோ கோப்பு, கமராவைப் பொறுத்து, 4,096 அல்லது 16,384 படிகளைப் பேணுவது. இருண்ட பகுதிகளைப் பின்னர் மீட்க வேண்டியிருக்குமாயின் இவ்வேறுபாடு பெரிது. முற்றாக வெளிறிப்போன பகுதியை எக்கோப்பிலிருந்தும் மீட்கவியலாது.

கல்வெட்டுப் படப்பிடிப்பில் வெளிச்சத்தைவிட நிழலே முக்கியமானது. குடையப்பட்ட எழுத்தும் அதனைச் சுற்றியுள்ள கல்லும் ஒரே நிறத்தன. பள்ளத்தில் நிழல் விழுந்தாலன்றி எழுத்துப் புலப்படாது. ஆகவே ஒளி, கல்லின் மேற்பரப்பை உராய்ந்து செல்வதுபோல, ஏறத்தாழ 10 முதல் 20 பாகைச் சாய்வில் வருதல் வேண்டும். திறந்தவெளியில் நிற்கும் கல்லாயின் அதன் முகம் நோக்கும் திசையைப் பார்த்து, வெயில் அவ்வாறு சாயும் வேளையைத் தெரிந்துகொள்ளலாம். குகைவிளிம்பின் கீழுள்ள பிராமிக் கல்வெட்டுகளுக்கு ரோச் விளக்கொன்றைப் பக்கத்தே தள்ளிப் பிடித்தால் வேலை முடிந்துவிடும். ஒளி இடப்பக்க மேற்புறமிருந்து வருவது மரபு. கீழிருந்து வந்தால், மேலிருந்தே ஒளி வரும் எனப் பழகிய கண்ணுக்குக் குடைந்த எழுத்துப் புடைத்த எழுத்தாகத் தோன்றும்.

ஒரே திசை ஒளி எப்போதும் போதாது. 1911 இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டினை எண்ணிப் பார்க்கலாம். 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்லிற் சீனமும் தமிழும் பாரசீகமும் உள்ளன. ஒளி செல்லும் திசைக்கு இணையாக அமையும் கோடு நிழல் தராது மறையும். பக்கத்திலிருந்து வரும் ஒளியிற் பாரசீக எழுத்தின் நீண்ட கிடைக்கோடுகளும் சீன எழுத்தின் கிடைக்கோடுகளும் மங்கும்; மேலிருந்து வரும் ஒளியில் நெடுங்கோடுகள் மங்கும்; தமிழின் வளைவுகளோ எவ்வொளியிலும் பாதி தெரிந்து பாதி மறையும். இத்தகைய கல்லைக் கமராவை அசைக்காது, விளக்கை மட்டும் நான்கைந்து திசைகளுக்கு மாற்றி எடுத்தல் வேண்டும். இதே தத்துவத்தைக் கணினியின் துணையோடு விரித்து, விளக்கின் திசையைத் திரையில் வேண்டியவாறு மாற்றிப் பார்க்கும் முறையொன்று 2001 இல் ஹியூலற் பக்கார்ட் ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்தது. எழுத்தைத் தெளிவாக்குவதற்காகச் சோக்கு, மா, எண்ணெய் ஆகியவற்றைக் கல்லிற் பூசும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது கல்லுக்குக் கேடு. அத்துடன் பூசுபவரின் வாசிப்பு, கல்லின் வாசிப்பாகிவிடும் ஆபத்தும் உண்டு.

ஏட்டுச்சுவடிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறான ஒளி. கீறப்பட்ட எழுத்தில் ஏற்கனவே மை ஊட்டப்பட்டிருப்பதால் நிழல் தேவையில்லை. சமமான ஒளியே தேவை. இரு பக்கங்களிலும் 45 பாகைச் சாய்வில் ஒத்த விளக்குகள் இரண்டை வைத்து, மேசை நடுவில் ஒரு பென்சிலை நிறுத்திப் பார்க்கலாம். அதன் இரு நிழல்களும் ஒரே கருமையாக இருப்பின் ஒளி சமம். கமரா ஏட்டுக்கு இணையாக உள்ளதா என்பதை அறிய, மேசையில் ஒரு சிறு கண்ணாடியை வைத்தால், வில்லையின் பிம்பம் சட்டகத்தின் நடுவில் விழவேண்டும். மை ஊட்டாத ஏடு கிடைத்தால் அதனைக் கல்வெட்டாகக் கருதிச் சாய்வொளியில் எடுக்கலாம். நாமே மை தடவத் துணிதல் கூடாது. வளைந்த ஏட்டினைக் கண்ணாடிப் பலகையால் அழுத்தி நொறுக்குவதைவிடத் துவாரத்தை எவ் 11 வரை குறுக்கிக் குவிய ஆழத்தைக் கூட்டுதல் நன்று. முக்காலித் தாங்கியும் இரண்டு செக்கன் தாமதமும் இருப்பின் மூடியின் வேகம் குறைந்தாலும் படம் அசையாது.

ஓர் எளிய கணக்கு: 40 சென்ரிமீற்றர் நீள ஏட்டை அங்குலத்துக்கு 400 புள்ளிகளாகப் பதிய ஏறத்தாழ 6,300 புள்ளிகள் வேண்டும். 240 இலட்சம் புள்ளிகள் கொண்ட கமராவின் சட்டகம் பொதுவாக 6,000 க்கு 4,000. ஆகவே ஏடு சட்டகத்தின் முழு நீளத்தையும் நிறைக்குமாறு எடுத்தாலே தரம் 380 அளவில் வந்து நிற்கும். சுற்றிலும் இடம்விட்டு எடுத்தாற் கிட்டாது. அகலம் மிகுந்திருப்பதால் ஐந்தாறு ஏடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் எடுக்கலாம். அளவுகோலும் நிற அட்டையும் சட்டகத்தில் இடம்பெறல் வேண்டும். எழுத்தில்லாத பின்புறத்தையும் விடலாகாது.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். 1981 மே 31 இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறு பிரதி இல்லாதவற்றுக்கு ஒரு மங்கலான படமேனும் இருந்திருப்பின் அது இன்று மூலமாகவே மதிக்கப்படும். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி இப்பின்னணியில் வைத்து நோக்கப்பட வேண்டியது. எண்ணிமக் கோப்பும் அழியக்கூடியதே. மூன்று பிரதிகள், இரு வேறு ஊடகங்கள், ஒன்று வேறோர் ஊரில் என்பது ஆவணக்காப்பாளர் கைக்கொள்ளும் வழக்கம். இவற்றுள் மூன்றாவதே நம்மிடையே பெரும்பாலும் தவறவிடப்படுவது.

கூத்தைப் பற்றிச் சில சொற்கள் போதும். வட்டக்களரியிற் பார்வையாளர் நாற்புறமும் இருப்பர். அதற்கு முன்பக்கம் என்று ஒன்றில்லை. ஓரிடத்தில் அமர்ந்து எடுப்பவர் அதனைப் படச்சட்ட மேடையாக மாற்றிவிடுகிறார். எனவே ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறுதல் அவசியம். துள்ளும் காலை நிறுத்த 1/250 செக்கன் தேவை, அதற்கு ஐ.எஸ்.ஓ. 3200 வரை செல்ல நேரிடும். புள்ளிச் சிதறலுக்கு அஞ்சவேண்டியதில்லை. அசைந்த படத்தைவிட அது மேல். சுழற்சியைக் காட்ட விரும்பின் 1/15 செக்கனில், ஆடுபவரோடு கமராவையும் திருப்பலாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆதலால் மலிவான மின்விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கின்றன. படத்திற் பட்டைபட்டையாக இருள் விழுந்தால் 1/100 அல்லது 1/50 இற்கு மாறுதல் வேண்டும். பிளாஷ் வேண்டாம். இரவின் இருளும் ஒப்பனையின் மினுக்கமும் கூத்தின் பகுதிகள். பிளாஷ் அவற்றைப் பகலாக்கிவிடும்.

இறுதியாக, படத்தோடு செல்லவேண்டிய எழுத்து. 1875 இல் இலங்கைக்கு வந்து 1879 இல் இங்கேயே மறைந்த ஜூலியா மார்கரற் கமரன், இங்கிலாந்தில் எடுத்த டார்வின், ரெனிசன் முதலியோரின் உருவப்படங்கள் அவரவர் பெயராலேயே அறியப்படுகின்றன. 1878 இல் இங்கு எடுத்த படமொன்றோ ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்றளவில் நின்றுவிட்டது. எண்ணிமக் கோப்பு இவ்வகையில் நமக்கு வாய்ப்பானது. ஒருவரது இசைவைப் பெற்று அவர் பெயர், தொழில், ஊர், திகதி, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் கோப்பினுள்ளேயே எழுதிவிடலாம். அன்று மாலையே எழுதுதல் நன்று. ஒரு வாரம் கழித்து எழுதுபவர் ‘முதியவர் ஒருவர்’ என்றே எழுதுவார். இடத்தின் அகலாங்கு நெட்டாங்குகளைக் கமரா தானாகவே பதிந்துவிடுவதும் உண்டு. ஆவணப் பிரதியில் அது இருக்கட்டும். வெளியிடும் பிரதியில், புதையல் தோண்டுவோர் தேடித் திரியும் குகைக் கல்வெட்டாயினும், தன் வீடு அறியப்படுவதை விரும்பாத சாட்சியாயினும், அவ்வெண்களை நீக்கிய பின்னரே கோப்பைக் கைமாற்றுதல் வேண்டும்.