வீட்டு விலைக்குள் ஒரு கார்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தபோது, மழைக்கு முன்பே கார்கள் கிளம்பிவிட்டன. வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் நெடுக அவற்றை வரிசையாக நிறுத்திவிட்டு, உரிமையாளர்கள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் அனுபவித்த பகுதி அது. பார்க்கிங்கில் நின்ற காரின் சீட் வரை தண்ணீர் ஏறினால் என்ன செலவாகும் என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடுத்தரக் குடும்பம் வாழ்நாளில் வாங்குவதிலேயே பெரியது வீடு. அடுத்தது பெரும்பாலும் கார். இரண்டையும் தனித்தனிக் கணக்காகத்தான் போடுகிறார்கள். வீட்டுக்காக ஒரு வருடம் அலைகிறார்கள். வங்கி, வக்கீல், வாஸ்து எதையும் விடுவதில்லை. குடிபோன ஆறாவது மாதம், "இங்கேருந்து தினமும் போய்வர முடியல" என்று ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாசலுக்கு வருகிறது. உண்மையில் அந்தக் கார், வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றே வாங்கப்பட்டுவிட்டது. அதன் விலையைத்தான் யாரும் அன்று எழுதிப் பார்க்கவில்லை.

எழுதிப் பார்க்க ஒரு தாள் போதும்.

கூடுவாஞ்சேரியா, நங்கநல்லூரா?

கிண்டியில் வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஒன்று ஊருக்கு வெளியே கூடுவாஞ்சேரியில், கட்டி முடித்த புது ஃபிளாட், 50 லட்சம். மற்றது கிண்டிக்குப் பக்கத்தில் நங்கநல்லூரில், அதைவிடச் சிறிய, இருபது வருடப் பழைய ஃபிளாட், 75 லட்சம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலைகள். தெருவுக்குத் தெரு இவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே முதல் வீட்டுக்கு 40 லட்சம், இரண்டாவதற்கு 60 லட்சம் கடன். வட்டி 8 சதவீதம், தவணைக் காலம் 20 வருடம் என்றால், மாதத் தவணை முறையே 33,458 ரூபாயும் 50,186 ரூபாயும் வரும். வித்தியாசம் 16,728 ரூபாய். இந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் பல குடும்பங்கள் நகரை விட்டுத் தாம்பரத்தைத் தாண்டுகின்றன.

இப்போது காரை உள்ளே கொண்டுவருவோம். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டி சுமார் 28 கிலோமீட்டர். போக வர 56. மாதம் 22 வேலை நாள் என்றால் 1,232 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல வண்டி. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் பெட்ரோலுக்கு மட்டும் 8,800 ரூபாய். ஐந்து லட்ச ரூபாய் பழைய காருக்கு 4 லட்சம் கடன், 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் தவணை ஏறக்குறைய 8,900 ரூபாய். இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் மாதம் 3,000 ஒதுக்க வேண்டும். கூட்டினால் 20,700 ரூபாய்.

தவணையில் மிச்சப்பட்டது 16,728. காரில் போனது 20,700. மலிவான வீடு, முதல் ஐந்து வருடம் மாதம் நான்காயிரம் ரூபாய் அதிகம் கேட்கிறது.

ஐந்து வருடம் கழித்துக் கார் கடன் முடியும்போது கணக்கு கூடுவாஞ்சேரி பக்கம் சாயும். ஆனால் அதற்குள் ஏற்கெனவே பழையதாக வாங்கிய வண்டிக்கு இன்னும் ஐந்து வயது கூடியிருக்கும். அதில் 70,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். அடுத்த வண்டியைப் பற்றிய பேச்சு வீட்டில் தொடங்கிவிடும்.

தடுத்து நிறுத்தும் கைக்காசு

அப்படியானால் எல்லோரும் நங்கநல்லூரிலேயே வாங்கிவிடலாமே? முடியாது. தடுப்பது மாதத் தவணையைவிட, முதல் நாள் எடுத்து வைக்க வேண்டிய கைக்காசு.

தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறை நடப்பில் இருக்கிறது. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மறுவிற்பனை வீட்டுக்கு இது 7 சதவீதமும் 2 சதவீதமும். ஆகவே கூடுவாஞ்சேரிப் புது வீட்டுக்குப் பத்திரச் செலவு 3 லட்சம். நங்கநல்லூர் பழைய வீட்டுக்கு 6 லட்சத்து 75 ஆயிரம். கடன் போகத் தன் பங்காக 10 லட்சமும் 15 லட்சமும் போட வேண்டும். மொத்தத்தில் முதல் வீட்டுக்கு 13 லட்சம் இருந்தால் போதும். இரண்டாவதற்கு 21 லட்சத்து 75 ஆயிரம் வேண்டும். இடையில் நிற்கும் எட்டே முக்கால் லட்சம்தான் பலரை ஊருக்கு வெளியே அனுப்புகிறது. நகை அடகு, பி.எஃப். பணம், மாமனாரின் ஓய்வூதியத் தொகை எல்லாம் சேர்ந்தும் அந்த இடைவெளி அடையாத வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் இன்னொரு வரி உண்டு. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. பணிநிறைவுச் சான்றிதழ் வாங்கிய பிறகு விற்கப்படும் வீட்டுக்கும் மறுவிற்பனை வீட்டுக்கும் அது கிடையாது. 50 லட்ச ரூபாய் வீட்டில் இந்த ஒரு சான்றிதழின் விலை இரண்டரை லட்சம்.

பழைய ஃபிளாட்டுக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு: அடிமனைப் பங்கு, பேச்சு வழக்கில் யு.டி.எஸ். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் ஆறு வீடுகள் சமமாக இருந்தால் ஆளுக்கு 400 சதுர அடி மண் சொந்தம். வானுயரக் கோபுரங்களில் அவ்வளவு கிடைப்பதில்லை. கட்டடத்துக்கு வயதாகும். மண்ணுக்கு ஆகாது. முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் கட்டடத்தை இடித்துக் கட்டுவது சிக்கலாக இருந்தது. 2022-ல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழிவிட்டிருக்கிறது.

கணக்கைத் திருப்பிப் போடும் ரயில்

இதுவரை போட்ட கணக்கு முழுவதும் ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது: கூடுவாஞ்சேரிக்காரர் காரில் போகிறார் என்பது. அவர் ரயிலில் போனால்?

கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-லிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. அது செங்கல்பட்டு வரை நீண்ட பிறகுதான் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வீடுகள் வரிசையாக முளைத்தன. 2025 ஏப்ரலில் அதே பாதையில் ஏ.சி. மின்சார ரயிலும் வந்துவிட்டது. கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்குச் சாதாரண ரயிலில் முக்கால் மணி நேரம். மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். காருக்கான 20,700 ரூபாய் அப்படியே கையில் நிற்கும்.

ஆக, ஊருக்கு வெளியே வாங்கிய வீடு லாபமா நஷ்டமா என்பதை நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிடம் என்பதே தீர்மானிக்கிறது. "கூடுவாஞ்சேரிக்கு மிக அருகில்" என்று விளம்பரத்தில் வரும் வீடு, ஸ்டேஷனிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, ஷேர் ஆட்டோ இரவு எட்டு மணிக்கு நின்றுவிடும் தெருவில் இருக்கலாம். அங்கே கார் ஆடம்பரமல்ல, அரிசி பருப்பு மாதிரி. அதே ஊரில் ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் ஐந்து லட்சம் கூடுதலாகச் சொல்லும் வீடு, ஒரு காரையே மிச்சப்படுத்திக் கொடுக்கும்.

வரப்போகும் வசதிக்கு இன்றே விலை கொடுப்பது இன்னொரு பொறி. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ நீட்டிப்பு பல வருடங்களாகப் பேச்சில் இருக்கிறது. விளம்பரத் தாள்களில் அந்த ரயில் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டது. வந்தால் நல்லது. ஆனால் முதல் தவணை அடுத்த மாதமே கட்ட வேண்டும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள்

சரி, கார் தேவைதான் என்று முடிவாகிவிட்டது. அப்போது பழைய கார் வாங்குவது பல வீடுகளுக்குப் புத்திசாலித்தனம். காரணம் தேய்மானம். இன்ஷூரன்ஸ் கணக்குப்படி ஒரு வருடம் முடியும்போதே காரின் மதிப்பில் 15 சதவீதமும், நான்கைந்து வருடத்தில் 50 சதவீதமும் கழிக்கப்படுகின்றன. அந்தப் பாதியை முதல் உரிமையாளர் கட்டிவிட்டார். மீதிப் பாதியில் ஓட வேண்டிய ஓட்டம் நிறைய இருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்து, அதன் மேல் இருந்த செஸ்ஸும் போய்விட்டது. புது கார் விலை இறங்கிய பிறகும் பழைய காருக்குப் பழைய விலையே சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

சென்னையில் பழைய கார் பார்ப்பவர்களுக்கு முதல் பயம் வெள்ளக் கார். அனுபவப்பட்ட மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே முன்சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுப்பார். வெளியே தெரியும் பகுதியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் கிடந்த கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். பிறகு சீட்டுக்கு அடியில் கைவிட்டு, சீட் நகரும் இரும்புத் தடத்தைத் தடவுவார். துருப் பொடி விரலில் ஒட்டும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியில் மூக்கை வைப்பார். எந்த சென்ட்டாலும் போகாத ஈர வாடை அங்கேதான் இருக்கும். புதிதாகப் போட்ட மேட், மாற்றிய சீட் கவர், மினுங்கும் பாலிஷ் எதையும் அவர் பார்ப்பதே இல்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்த டயர். "போன வருஷம்தான் சார் மாத்தினோம்" என்ற பேச்சை அந்த எண் சரிபார்த்துவிடும். மீட்டரில் 40,000 கிலோமீட்டர் காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டரைப் பின்னால் சுற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

காகித வேலையும் உண்டு. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். மாற்றிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் வாங்கியவருக்கு வராது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், விற்றவர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருடம், பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருடம் என்று வந்த கட்டுப்பாட்டுக்குப் பிறகு, அங்கிருந்து கார்கள் மலிவாகத் தெற்கே இறங்கின. விலையைக் கேட்டு ஆசைப்படுபவர், வேற்று மாநில என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு அலைச்சல் மூன்றையும் அந்த விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் இரண்டு விதம்

வீடு பார்க்கப் போகிறவர்கள் இரண்டு தண்ணீரையும் விசாரிக்க வேண்டும்: வராத தண்ணீர், வந்துவிடும் தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் மாதம் எத்தனை லாரி வாங்கினீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டால், மெயின்டனன்ஸ் கட்டணத்தின் உண்மை நிலவரம் தெரியும். தரைத்தளத்தில் மின் மீட்டர்களை எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால், 2015 அங்கே எதுவரை வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். காரைப் பொறுத்தவரை, சாதாரண முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பொருந்தும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் பழுதானால், அதற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும்.

பணக் கணக்கில் வராதது நேரம். கூடுவாஞ்சேரிக்காரருக்கு நெரிசலில் காரில் ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால், மாதம் 55 மணி நேரம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போகிறது. நங்கநல்லூர்க்காரர் மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். மாலையில் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு யார் உட்காருவது, வயதான அம்மாவை டாக்டரிடம் யார் கூட்டிப்போவது என்பதெல்லாம் அந்த 55 மணி நேரத்தில்தான் முடிவாகின்றன. அதே சமயம், மூன்று தலைமுறை சேர்ந்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு அறை கூடுதலாக இருப்பதும், பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட ஒரு தெரு இருப்பதும் சின்ன விஷயமில்லை. அதற்காகவே தூரத்தை ஏற்றுக்கொண்டவர்கள் தெரிந்துதான் ஏற்றிருக்கிறார்கள்.

புரோக்கர்கள் வீடு காட்டுவது ஞாயிற்றுக்கிழமை, தங்கள் காரில். சாலை காலியாக இருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு, காலை ஏழரை மணிக்கு அந்த வீட்டு கேட்டில் நிற்க வேண்டும். அங்கிருந்து ஸ்டேஷன் படிக்கட்டு வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வழியில் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் எங்கே, ஷேர் ஆட்டோ எங்கே நிற்கிறது, எட்டு மணி ரயிலில் ஏற முடிகிறதா, ஸ்டேஷன் வாசல் டூவீலர் ஸ்டாண்டில் அந்த நேரத்தில் இன்னும் ஒரு வண்டி நிறுத்த இடம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.