மளிகைக் கடையில் பிறந்த கலப்பு விஸ்கி

"போன தடவை வாங்கின கருப்பட்டி மாதிரி இது இல்லையே அண்ணாச்சி" என்று வாடிக்கையாளர் சொல்லிக் கேட்காத மளிகை வியாபாரி நம்மில் இருக்க முடியாது. சாயல்குடிப் பக்கத்தில் ஒருவர் காய்ச்சியது போல் அடுத்தவர் காய்ச்சியது இருப்பதில்லை. இதே தொல்லை ஸ்காட்லாந்து மளிகைக்காரர்களுக்கும் இருந்தது. அவர்கள் கண்ட வழிதான் உலகமெங்கும் விற்கும் கலப்பு ஸ்காட்ச் விஸ்கி. அது நம் கடையில் விற்கும் சரக்கன்று. குடிக்கச் சொல்லியும் எழுதவில்லை. வியாபாரிகள் அறிய வேண்டிய சங்கதி அதில் இருக்கிறது.

ஜான் வாக்கர் 1820-ல் கில்மார்னாக் ஊரில் திறந்தது மளிகைக் கடை. அபர்டீன் நகரின் சீவாஸ் சகோதரர்களும் மளிகைக்காரர்களே. பல தினுசுத் தேயிலையைக் கலந்து ஒரே சுவையில் கொடுப்பது அக்காலக் கடைக்காரர்களின் கைவேலை. அந்தக் கைப்பழக்கம் விஸ்கிக்கும் வந்தது.

கலப்பில் இரண்டு சரக்கு உண்டு. முதலாவது மால்ட். பார்லியை ஊறவைத்து, கேழ்வரகு முளைகட்டுவது போல முளைகட்டி, உலர்த்தி அரைத்து, வெந்நீரில் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, செப்புப் பானையில் பெரும்பாலும் இருமுறை வடிப்பார்கள். மணமும் காரமும் அதிகம். ஆலைக்கு ஆலை வேறுபடும். இரண்டாவது கோதுமை அல்லது மக்காச்சோளத்தில் வடிக்கும் தானிய விஸ்கி. 1830-ல் ஈனியாஸ் காஃபி உரிமை பெற்ற உயரமான வடிகலத்தில் நிற்காமல் வடிவது. மென்மையானது, விலையும் மலிவு. 1860-ல் வந்த சட்டம், வரி கட்டுமுன் கிடங்கிலேயே இரண்டையும் கலக்க இடம் கொடுத்தது. அதன்பின் வியாபாரம் பெருகியது.

இரண்டும் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போய்விடும். புளி மூட்டையில் எடை குறைவதற்கே நாம் புலம்புகிறோம்! பிறகு கலப்பு நிபுணர் மூக்கால் முகர்ந்தே, சில சமயம் முப்பது நாற்பது வகைகளைச் சேர்த்து, சென்ற ஆண்டுச் சுவையை இந்த ஆண்டும் கொண்டு வருவார். புட்டியில் 12 ஆண்டு என்று போட்டால், அதில் சேர்ந்த மிக இளைய சரக்குக்கே 12 வயது ஆகியிருக்க வேண்டும். பழையது கொஞ்சம் ஊற்றிவிட்டு அதன் வயதைப் போட முடியாது.

கலப்பது கலப்படமா என்ற கேள்வி அங்கும் எழுந்தது. 1905-ல் லண்டன் இஸ்லிங்டன் நகராட்சி, தானியச் சாராயத்தை விஸ்கி என்று விற்றதாகக் கடைக்காரர்கள் மேல் வழக்குப் போட்டது. மறு ஆண்டு தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போயிற்று. பிறகு அரசு அமைத்த விசாரணைக் குழு 1909-ல் இரண்டும் விஸ்கியே என்று சொன்னதும்தான் வியாபாரம் மூச்சு விட்டது.

ஆனால் லீத் நகரின் பாட்டிசன் சகோதரர்கள் கதை வேறு. மலிவுச் சரக்கில் நல்ல மால்ட் சிறிது விட்டு, உயர்ந்த பழைய கிளென்லிவட் என்று விற்றார்கள். கடன் வாங்கிக் கடையைப் பெரிதாகக் காட்டினார்கள். 1898-ல் மூழ்கினார்கள், அவர்களை நம்பிக் கொடுத்திருந்தவர்களும் சேர்ந்து மூழ்கினார்கள். 1901-ல் சகோதரர்களுக்குச் சிறை.

நமக்கும் இன்று அதே கோடுதான். கலப்பு எண்ணெய் விற்கலாம். எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் இருக்க வேண்டும். இராமநாதபுரம் முண்டு மிளகாயும் உடன்குடிப் பனங்கருப்பட்டியும் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊர்ச் சரக்கைச் சேர்த்துவிட்டு அந்தப் பெயரில் விற்க இனி முடியாது. சீனி சேர்த்த கருப்பட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாயல்குடிச் சரக்கும் உடன்குடிச் சரக்கும் சேர்த்து அனுப்பும்போது என் கடைப் பில்லில் இரண்டு ஊரையும் எழுதிவிடுகிறேன். ஆரம்பத்தில் இரண்டொருவர் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். இப்போது அவர்களே "அதே கலவை அனுப்புங்கள்" என்று கேட்கிறார்கள்.