கொல்லிப்பாவையும் உள்பொருளும்

உலகம் உள்பொருளோ, உள்ளத்தின் தோற்றமோ என்னும் வினாவிற்குக் கொல்லிமலை தக்கதொரு சான்றாகும். நாமக்கல் மாவட்டத்து இம்மலை எவர் நம்பிக்கையையும் சார்ந்து நிற்பதன்று; காரவள்ளி வழியே ஏறுவார், நம்பினும் நம்பாவிடினும், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும். ஆண்டுத் தெய்வம் அமைத்த பாவை காற்று, மழை, நிலநடுக்கம் ஆகியவற்றாலும் எழில் குன்றாதென நற்றிணை 201-ஆம் பாட்டுக் கூறும். இன்று எட்டுக்கை அம்மனையே அப்பாவையென வழிபடுவாரும் உளர். இவ்வழிபாடு கொண்டே இரண்டும் ஒன்றெனத் துணிதல் அமையாது. மக்கள் நம்புகின்றனர் என்பது கண்டறியத்தக்க உண்மை. நம்பப்படுவது உண்மையாதற்கு வேறு சான்று வேண்டும். 13-ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டார், சிவஞானபோத முதல் நூற்பாவில், உலகினை உள்பொருளாகக் கொண்டு, அதன் தோற்றம், நிலை, ஒடுக்கம் ஆகியவற்றினின்றே முதல்வனை நிறுவினார். கண்டதினின்று காணாததற்குச் செல்லும் அந்நெறியே இலக்கிய ஆய்வாளர்க்கும் உரியதாகும்.