டிபன் பாக்ஸ் பாடகர்

ஒரு கறுப்பு இளைஞர், செங்கல் சுவர் பக்கத்தில் நிற்கிறார். சாதாரண சட்டை, ஜீன்ஸ். முகத்தில் சிரிப்பு. கையில்... கிதார் என்று நினைத்தால் உங்களுக்கு ஜீரோ மார்க். டிபன் பாக்ஸ்! நம்ம ஊர் அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் மத்தியானம் ஒரு மணிக்குப் போய் நின்றால் இந்த மாதிரி முந்நூறு பேரைப் பார்க்கலாம். ஆனால், இந்த போட்டோ ஒரு மியூஸிக் ஆல்பத்தின் அட்டை. பெயர் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'. 'நான் இருக்கிறபடியே' என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் 1971. பாடகர் பில் விதர்ஸ். போட்டோ எடுத்த இடம், அவர் வேலை பார்த்த தொழிற்சாலை. எடுத்த நேரம், லஞ்ச் பிரேக்!

முதல் ஆல்பம் வெளியாகப் போகிறது. ஆசாமி லஞ்ச் பிரேக் முடிந்ததும் உள்ளே போய் மறுபடி ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கிறார். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் எனக்கு இவரைப் பிடிக்கும்.

நான் இவரிடம் வந்து சேர்ந்தது சினிமா வழியாக. 'நாட்டிங் ஹில்' படத்தில் ஹ்யூ கிராண்ட் கடைத்தெருவில் சோகமாக நடப்பார். நடந்து முடிப்பதற்குள் வெயில், மழை, பனி என்று ஒரு வருஷமே ஓடிவிடும். பின்னணியில் ஒரு பாட்டு. ஸ்கூல் படிக்கும்போது டி.வி.யில் பார்த்தேன். இங்கிலீஷ் பாதி புரியவில்லை. ஆனாலும், யாரோ ஒருத்தர் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி இருந்தது. அதுதான் 'எய்ண்ட் நோ சன்ஷைன்'. பாடியவர் யார் என்று தேடப்போய்த்தான் டிபன் பாக்ஸில் வந்து முட்டினேன்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்லாப் ஃபோர்க் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1938 ஜூலை 4-ம் தேதி அங்கே பிறந்தார் பில். ஆறு குழந்தைகளில் கடைக்குட்டி. வளர்ந்தது பக்கத்தில் பெக்லி என்ற ஊரில். பதிமூன்று வயதில் அப்பா போய்விட்டார். பாட்டிதான் பெரிய துணை. போதாக்குறைக்கு இவருக்குத் திக்குவாய் வேறு. இருபத்தெட்டு வயது வரைக்கும் அது விடவில்லை. பேசினாலே திக்குகிற பிள்ளை பாடகனாகும் என்று அந்த ஊரில் யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

சுரங்கத்துக்குத் தப்பிக்க ஒரே வழி, கடற்படை. ஒன்பது வருஷம் அங்கே. 1965-ல் வெளியே வந்தார். பால் வண்டி ஓட்டினார், ஃபேக்டரிகளில் வேலை பார்த்தார். இந்தச் சமயத்தில்தான் அவரே பல பேட்டிகளில் சொன்ன அந்தச் சம்பவம்.

ஓக்லண்டில் ஒரு கிளப். அன்றைக்குப் பாட வேண்டியவர் லூ ராவ்ல்ஸ். அப்போதே பெரிய புள்ளி. நேரமாகியும் ஆளைக் காணோம். மானேஜர் அங்குமிங்கும் நடந்து புலம்புகிறார், வாரம் இரண்டாயிரம் டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வரக்கூடாதா என்று. விதர்ஸ் காதில் விழுந்தது 'இரண்டாயிரம்' மட்டும்தான். அப்போது அவர் கூலி மணிக்கு மூன்று டாலர்.

பி.காம். படித்தவனுக்கு இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் கை சும்மா இருக்காது. வாரம் நாற்பது மணி நேரம், மூன்று டாலர் வீதம் நூற்றிருபது. இரண்டாயிரத்தை நூற்றிருபதால் வகுத்தால் பதினாறரை வாரத்துக்கும் மேலே. அதாவது, அந்த லேட்டா வந்த மனுஷர் ஒரு வாரத்தில் சம்பாதித்ததை இவர் சம்பாதிக்க கிட்டத்தட்ட நாலு மாசம் ஆகும். அதற்கப்புறம் லூ ராவ்ல்ஸ் உள்ளே நுழைந்ததும் பெண்களெல்லாம் அவரைச் சூழ்ந்துகொண்டார்களாம். அந்த என்ட்ரியை எந்த லெட்ஜரில் போடுவது!

விதர்ஸ் நேரே ஒரு அடகுக் கடைக்குப் போனார். மலிவு விலையில் ஒரு கிதார். ஷிஃப்டுக்கும் ஷிஃப்டுக்கும் நடுவே தானாகவே கற்றுக்கொண்டார். குரு, தட்சிணை எதுவும் கிடையாது. 1967-ல் லாஸ் ஏஞ்சலீஸுக்கு ஜாகை மாற்றினார். பகலில் விமான பாகங்கள் செய்யும் வேலை. கையில் மிச்சம் பிடித்த காசில் பாட்டுப் பதிவு செய்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்.

விமான பாகம் என்றதும் இறக்கை, எஞ்ஜின் என்று கற்பனை செய்யாதீர்கள். பர்பாங்கில் இருந்த வெபர் ஏர்கிராஃப்டில் இவர் செய்தது போயிங் 747 விமானத்துக்கு டாய்லெட்! அந்த ஜம்போ விமானம் பயணிகளோடு பறக்கத் தொடங்கியது 1970 ஜனவரியில். மேல்தட்டு ஜனங்கள் அதில் ஷாம்பெயின் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்த இடத்தை முடுக்கியவர்களில் ஒருவர்தான் பின்னால் அவர்களை அழ வைக்கப் போகிறார்.

கடைசியில் கதவு திறந்தவர் கிளாரன்ஸ் அவான்ட். கறுப்பின இசை உலகத்தின் முக்கியப் புள்ளி. 'சஸ்ஸெக்ஸ்' என்ற சின்னக் கம்பெனி வைத்திருந்தார். 1970-ல் ஒப்பந்தம் போட்டார். தயாரிப்புக்கு அவர் பிடித்த ஆள் புக்கர் டி. ஜோன்ஸ். 1962-ல் பதினேழு வயதிலேயே 'கிரீன் ஆனியன்ஸ்' என்ற ஆர்கன் மெட்டால் அமெரிக்காவை ஆட வைத்தவர். விதர்ஸைவிட ஆறு வயசு சின்னவர், அனுபவத்தில் ரொம்பப் பெரியவர். டிரம்ஸுக்கு அல் ஜாக்ஸன், பேஸ் கிதாருக்கு 'டக்' டன் என்று தன் பழைய கோஷ்டியையே கூட்டி வந்தார். கிதாருக்கு ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். ராக் ரசிகர்கள் பெயரைக் கேட்டாலே எழுந்து நிற்கிற ஆள். ஒரு புது முகத்துக்கு இத்தனை பெரிய ஜமா!

ரெக்கார்டிங் அன்று விதர்ஸ் வந்ததை புக்கர் டி. பின்னால் ரசித்துச் சொல்லியிருக்கிறார். ஃபேக்டரியிலிருந்து நேரே வந்த கோலம். பழைய ஷூ, ஜீன்ஸ், கையில் பாட்டு எழுதிய நோட்டுப் புத்தகம். உள்ளே உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்தார். புக்கரைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தப் பாட்டையெல்லாம் யார் பாடப் போகிறார்கள் என்று கேட்டார்.

நீதான்ப்பா என்றார் புக்கர்.

பாட்டெழுதிக் கொடுத்தால் வேறு யாராவது பெரிய ஆள் பாடுவார் என்ற நினைப்பில் வந்திருக்கிறார் பாவம்! இந்தப் பயத்தை அவர் மறைக்கவும் இல்லை. 'டூ இட் குட்' என்ற பாட்டின் நடுவே பாடுவதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார். முன்பின் செய்யாத வேலைக்கு வந்திருப்பதையும் புக்கர் டி. தைரியம் சொன்னதையும் ரெக்கார்டிலேயே ஒப்பிக்கிறார். நம்ம ஆபீஸில் புது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஃபைலைப் புரட்டுவோமே... அதற்கு நேர் எதிர்.

நாலு தடவை, தடவைக்கு மூன்று மணி நேரம் என்று பதிவுக்குத் திட்டம். இரண்டு முடிந்ததும் கஜானா காலி. ஆறு மாசம் எல்லாம் அப்படியே நின்றது. பிறகு பணம் புரட்டி மூன்றாவது தடவையில் முடித்தார்கள். பாதி ஆல்பம் டேப்பில் கிடக்க, மீதிக்குப் பணம் வருமா வராதா என்று தெரியாத ஆறு மாசம் எப்படி இருந்திருக்கும்? நானாக இருந்தால் தினம் நாலு தடவை அவான்ட் ஆபீஸுக்கு போன் போட்டு உயிரை வாங்கியிருப்பேன்.

'எய்ண்ட் நோ சன்ஷைன்' கதைக்கு வருவோம். 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்' என்று 1962-ல் வந்த படம். ஜாக் லெம்மன், லீ ரெமிக். குடியில் மாட்டிக்கொண்ட தம்பதி. அதை டி.வி.யில் பார்த்தபோது, கெடுதல் என்று தெரிந்தும் மனுஷன் சிலதைத் தேடிப் போகிறானே என்று தோன்றியது, அதிலிருந்து வந்த பாட்டு என்றார் விதர்ஸ். நாம் காதல் சோகம் என்று நினைத்துக் கேட்பதற்குள்ளே சாராய வாசனை இருக்கிறது!

பாட்டின் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே இன்னும் சில வரிகள் எழுதிச் சேர்ப்பதாக யோசனை. அதுவரை இடத்தை ரொப்ப, இரண்டே இரண்டு குட்டி வார்த்தைகளைத் திரும்பத் திரும்பப் பாடி வைத்தார். அசல் வரி எழுத உட்காரப் போனபோது சுற்றியிருந்தவர்கள் தடுத்துவிட்டார்கள். அப்படியே விடு, தொடாதே! இருபத்தாறு தடவை. எண்ணிப் பாருங்கள், நான் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். ஃபேக்டரி ஆள் நான், இவர்களெல்லாம் ஜாம்பவான்கள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். நம்மில் பாதிப் பேர், 'ஸார், நாளைக்கு வரி கொண்டு வந்துடறேன்' என்று வீம்பு பிடித்துப் பாட்டைக் கெடுத்திருப்போம்.

மொத்தம் பன்னிரண்டு பாட்டு. பத்து இவருடையது. 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' அவருடைய பாட்டியின் கைகளைப் பற்றி. சர்ச்சில் தாளம் தட்டிய கை, விழுந்தால் தூக்கிய கை. தான் எழுதியதில் தனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான் என்று கடைசி வரை சொன்னார். இரண்டு நிமிஷப் பாட்டு அது. ஒரு பாட்டியின் கையை வைத்து அந்த வீட்டையே காட்டிவிடுகிறார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிகிறது. ராத்திரி தனியாகக் கேட்காதீர்கள்.

1971 மே மாதம் வெளியீடு. கம்பெனி நம்பியது 'ஹார்லெம்' என்ற பாட்டை. சின்ன இசைத்தட்டின் ஏ பக்கத்தில் அதைப் போட்டு, பின்பக்கத்தில் ஏதாவது இருக்கட்டுமே என்று 'எய்ண்ட் நோ சன்ஷைன்'. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அவ்வளவுதான். பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம். பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை. 1972-ல் கிராமி. ஆல்பம் 35-வது இடம் வரை போனது. 1972 ஜனவரியில் பதிமூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தன் முதல் தனி ஆல்பத்தில் இதே பாட்டைப் பாடினான். பையன் பெயர் மைக்கேல் ஜாக்ஸன்.

ஆனால், விதர்ஸ் ராஜினாமா கடிதம் எழுதவில்லை! பாட்டு உலகத்தை நம்ப முடியாது என்று வேலையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஃபேக்டரியே ஆட்குறைப்பில் அவரை வெளியே அனுப்பியது. பிறகு ஒரே சமயத்தில் இரண்டு கடிதம் வந்ததாம். ஒன்று, வேலைக்குத் திரும்ப வா என்று. இன்னொன்று, ஜானி கார்ஸனின் டி.வி. நிகழ்ச்சியில் வந்து பாடு என்று. எதைக் கிழித்தார் என்பது உங்களுக்கே தெரியும்.

பாட்டு 'கோல்டு' ஆனபோது கம்பெனி கொடுத்த பரிசு... தங்க நிறத்தில் ஒரு டாய்லெட் சீட்!

இந்த இடத்தில் கைதட்டிவிட்டு எழுந்து போக மனசு வரவில்லை. காரணம், அதே சஸ்ஸெக்ஸ் கம்பெனி, அதே அவான்ட், ஒரு வருஷம் முன்னால் இன்னொரு புது ஆளின் ஆல்பத்தை வெளியிட்டது. பெயர் ரோட்ரிகஸ், ஆல்பம் 'கோல்டு ஃபேக்ட்'. அதுவும் முதல் தரம்தான். அமெரிக்காவில் சீந்துவாரில்லை. மனுஷர் டெட்ராய்ட் நகரத்தில் பழைய கட்டடம் இடிக்கிற கூலி வேலைக்குப் போனார். தென் ஆப்பிரிக்காவில் தன் பாட்டு வீட்டுக்கு வீடு ஒலிப்பது பல வருஷம் அவருக்கே தெரியாது. அவரைத் தேடிய கதை படமாகி ஆஸ்கர் வாங்கியபோது எழுபது வயது. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டைத் திருப்பிப் போட ஒருத்தருக்கு ஆள் கிடைத்தது, இன்னொருத்தருக்குக் கிடைக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால்... நானும் ஒரு நாள் கணக்குப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவன். வீட்டில் சொன்னபோது அப்பா திட்டவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பி.எஃப். எவ்வளவுடா வரும்?" அன்றைக்குக் கோபம் வந்தது. விதர்ஸ் கதை படித்த பிறகு கோபம் போய்விட்டது. அப்பா பக்கத்துக் கட்சியில் ஒரு கிராமி பாடகரே இருக்கிறார்.

விதர்ஸ் அதற்கப்புறம் 'லீன் ஆன் மீ' என்று முதலிடப் பாட்டு கொடுத்தார். 1975-ல் சஸ்ஸெக்ஸ் மூழ்கியது. பெரிய கம்பெனிக்கு மாறினார். எதைப் பாட வேண்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல இவருக்குப் பிடிக்காமல் போய், 1985-ல் கடைசி ஆல்பத்தோடு கடையைக் கட்டினார். வேலையை விடத் தயங்கிய மனுஷர், புகழைத் தயங்காமல் விட்டார்! 2015-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அறிமுகம் செய்து வைத்தவர் ஸ்டீவி வொண்டர். 2020 மார்ச் 30-ம் தேதி, எண்பத்தொன்றாவது வயதில் காலமானார்.

'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' முழுசாக ஓட முக்கால் மணிக்கும் குறைவுதான். நாளைக்கு லஞ்சுக்கு உட்காரும்போது காதில் மாட்டிக்கொள்ளுங்கள். மோர் சாதம் முடிந்து டப்பா கழுவப் போகும்போது அந்த துப்பாக்கிச் சத்தம் வரும். பக்கத்து சீட்காரர் ஏன் பதறினீர்கள் என்று கேட்டால், அட்டைப் படத்தைக் காட்டுங்கள்.