வேலைக்கேற்ற வெளிச்சம்

புது தில்லியிலுள்ள கோல் மார்க்கெட் கட்டடம் 1921ஆம் ஆண்டில் எழுந்தது. பன்னிரண்டு பக்கங்களைக் கொண்ட அது, ஒரு வட்டச் சந்திப்பின் நடுவே நிற்கிறது. இந்தியில் ‘கோல்’ என்றால் வட்டம். தமிழில் ‘கோல்’ என்றால் நீண்ட கழி. விளக்கு வாங்கச் செல்வோரும் கடையில் இவ்விரு வடிவங்களையே காண்கின்றனர். ஒன்று உருண்டையான குமிழ் விளக்கு. மற்றொன்று கோல் போன்ற குழல் விளக்கு. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது?

கோல் மார்க்கெட்டைச் சுற்றி அரசு ஊழியர் குடியிருப்புகள் பல உள்ளன. அத்தகைய வீடொன்றில் வண்டி நிறுத்தும் அறை இருந்தால், அதில் ஒரு மேசையைப் போட்டுச் சிறு பட்டறை அமைக்கலாம். மிதிவண்டியைப் பழுதுபார்க்கலாம், மரவேலை செய்யலாம். ஆனால் தில்லியில் திசம்பர் மாதத்தில் மாலை ஐந்தரை மணியளவில் கதிரவன் மறைந்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்தால் கண் களைப்படையும், அளவு பிழைபடும், உளியோ அரமோ விரலைப் பதம் பார்க்கும். ஆகவே பட்டறையின் முதற்கருவி விளக்கே ஆகும்.

வாட்டும் லூமெனும்

பலர் வாட் அளவைப் பார்த்தே விளக்கு வாங்குகின்றனர். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்திறனின் அளவு. அது தரும் ஒளியின் அளவன்று. ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு லூமென். 60 வாட் மின்னிழை விளக்கு ஏறத்தாழ 700 லூமென் ஒளி தருகிறது. 9 வாட் எல்.இ.டி. விளக்கோ ஏறத்தாழ 900 லூமென் தருகிறது. மின்னிழை விளக்கு தான் பெறும் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக்கி வீணாக்குவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டறிந்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சைச் சேர்த்தே இன்றைய வெள்ளை விளக்கைச் செய்கின்றனர். 2015 சனவரி 5 அன்று இந்திய அரசு தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தின் வழியாகக் கோடிக்கணக்கான எல்.இ.டி. விளக்குகள் மலிவு விலையில் மக்களைச் சென்றடைந்தன. மொத்தக் கொள்முதலால் விளக்கொன்றின் கொள்முதல் விலை 2014இல் இருந்த சுமார் 310 ரூபாயிலிருந்து 2016இல் 38 ரூபாயாகக் குறைந்தது.

எவ்வளவு ஒளி வேண்டும்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ் எனப்படும். பொதுவான பட்டறை வேலைக்கு 300 லக்ஸும், நுண்ணிய வேலைக்கு 500 லக்ஸும் அதற்கு மேலும் தேவை. மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உடைய அறையின் பரப்பு 9 சதுர மீட்டர். எனவே 300 × 9 = 2,700 லூமென் வேண்டும். சுவரும் தூசியும் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குவதால் 4,000 லூமென் எனக் கொள்வது நலம். 2,000 லூமென் தரும் 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகள் இரண்டு இதற்குப் போதும்.

இவ்வொளியை மின்னிழை விளக்குகளால் பெற வேண்டுமாயின் 60 வாட் விளக்குகள் ஆறு தேவைப்படும். நாள்தோறும் மூன்று மணி நேரம் எரித்தால், 30 நாள்களில் அவை 32.4 யூனிட் மின்சாரம் கொள்ளும். இரு குழல் விளக்குகளோ 3.6 யூனிட் மட்டுமே கொள்ளும்.

எங்கே மாட்டுவது?

அறையின் நடுவில் ஒரே குமிழ் விளக்கு எரிந்தால், சுவரோர மேசையில் குனிந்து வேலை செய்பவரின் நிழல் அவர் கையின்மீதே விழும். நீண்ட குழலின் ஒளி பல புள்ளிகளிலிருந்து வருவதால் நிழல் மென்மையாகிறது. ஆகவே ஒரு குழலை மேசைக்கு நேர் மேலேயும் மற்றொன்றை அறையின் நடுவிலும் பொருத்துதல் வேண்டும். நுண்ணிய வேலைக்கு 9 வாட் மேசை விளக்கொன்று உதவும். வலக்கைப் பழக்கமுடையோர் அதனை இடப்புறம் வைத்தல் நன்று. சுவருக்கு வெள்ளையடித்தால் அதுவும் ஒளியைத் திருப்பி அனுப்பும், செலவும் குறைவு.

வாங்கும்முன் காண வேண்டியவை

சாந்தினி சவுக்கிலுள்ள பகீரத் பேலஸ் மின்பொருள் சந்தையில் வாங்கினாலும், வீட்டருகே வாங்கினாலும் உறையைப் படித்தல் வேண்டும். லூமென் அளவு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, உத்தரவாதக் காலம் ஆகியவை அதில் உள்ளனவா எனக் காண்க. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு 100 வரை எண் தரப்படும். அது 80க்குக் குறையாதிருத்தல் நலம். சிவப்புக் கம்பியும் பழுப்புக் கம்பியும் ஒன்றுபோல் தோன்றினால் மின்வேலையில் ஆபத்து நேரும்.

சோக் பொருத்திய பழைய குழல் விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கும். அவ்வொளியில் சுழலும் துளைக்கருவி நின்றுவிட்டதுபோல் தோன்றக்கூடும். எல்.இ.டி. விளக்குகளிலும் தரம் குறைந்தவை துடிப்பதுண்டு. கைப்பேசியின் ஒளிப்படக் கருவி வழியே விளக்கைப் பார்க்கும்போது கருங்கோடுகள் ஓடினால் அது துடிக்கும் விளக்கு என அறியலாம்.

விளக்கைப் பொருத்தும் பணியை முதன்மை இணைப்பைத் துண்டித்த பின்னர், மின்பணியாளரே செய்தல் வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் விழும் ஒளியே பயன் தரும் ஒளி என்பதை நினைவிற் கொள்வோர் குறைந்த செலவில் நிறைந்த வெளிச்சம் பெறுவர்.

சொல்லும் பொருளும்

கழி – நீண்ட கம்பு
மின்னிழை – விளக்கினுள் சூடேறி ஒளிரும் மெல்லிய கம்பி
கொள்முதல் – விலை கொடுத்து வாங்குதல்
அரம் – உலோகத்தையோ மரத்தையோ தேய்க்கும் கருவி

விடை தருக

1. வாட், லூமென் – இவற்றின் வேறுபாடு யாது?
2. பட்டறைக்குக் குமிழ் விளக்கைவிடக் குழல் விளக்கு ஏற்றது எனக் கூறக் காரணம் என்ன?
3. நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உடைய அறையில் 300 லக்ஸ் ஒளி பெற எத்தனை லூமென் வேண்டும்?
4. உம் வீட்டு விளக்கொன்றின் உறையிலுள்ள விவரங்களைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.