காற்று வகுக்கும் வான்வழி

2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. நடுவில் எங்கும் இறங்காத பயணிகள் விமானங்களில் அப்போது அதுவே உலகின் மிக நீண்ட பயணம். தொலைவு சுமார் 15,350 கி.மீ.; அட்டவணைப்படி ஏறக்குறைய 19 மணி நேரம்.

அந்தத் தொலைவை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் இருப்பது கிழக்கே 104 பாகைத் தீர்க்கரேகையில். நியூயார்க் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178. தீர்க்கரேகைப்படி பூமிப்பந்தில் இரண்டும் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கங்கள். எனவே இரண்டுக்கும் இடையிலான குறுக்குவழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை, வடக்கே செல்கிறது! மங்கோலியா, சைபீரியா வழியாக ஏறி, வடதுருவத்துக்கு 300 கி.மீ.க்கும் அருகில் கடந்து, கனடா வழியாக இறங்குகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, மொத்தம் 138. பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினால் 15,300ஐத் தாண்டிவிடும். சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தைப் பார்த்து இந்த வழியை யாரும் ஊகிக்க முடியாது.

ஆனால் விமானம் பல நாட்களில் அந்த வழியில் போவதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகச் சுற்றி, ஜப்பான் பக்கமாகப் பசிபிக் பெருங்கடலைக் கடக்கிறது. காரணம், ஜெட் காற்றோட்டம். தரையிலிருந்து சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் இந்தக் காற்று, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ. வேகத்தையும் தாண்டுவதுண்டு. 1920களிலேயே வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்திருந்தார். முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் வெளியுலகம் அதிகம் கவனிக்கவில்லை. எவ்வளவு பெரிய இழப்பு!

மணிக்கு 900 கி.மீ. வேகத்தில், காற்றின் உதவியோ எதிர்ப்போ இல்லாமல் 15,350 கி.மீ. பறக்க 17 மணி நேரம் ஆகும். 16,500 கி.மீ. சுற்றிப் போனாலும், சராசரியாக மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் பதினாறரை மணி நேரம் போதும். தொலைவு கூடுகிறது, நேரம் குறைகிறது. திரும்பும்போதும் பல நாட்களில் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து வருகிறார்கள். போய்த் திரும்பும் பயணி உலகையே ஒருமுறை சுற்றிவிடுகிறார்.

அரை மணி நேரச் சேமிப்புக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? எரிபொருள்தான் காரணம். இந்தச் சேவைக்கான ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தின் கொள்ளளவு 1,65,000 லிட்டர். நிறைத்தால் சுமார் 130 டன். விமானம் மேலெழும்பக்கூடிய உச்ச எடையான 280 டன்னில் அதுவே பாதிக்குச் சற்றுக் குறைவு. எடையைக் கட்டுப்படுத்த இருக்கைகளை 161ஆகக் குறைத்திருக்கிறார்கள். சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.

சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் செல்வோர் பயணச்சீட்டைப் பாருங்கள். போகும் நேரம் கூடுதலாகவும் வரும் நேரம் குறைவாகவும் இருக்கும். அந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் காற்றுதான்.